கட்டை அடுக்கும் பள்ளியிலிருந்து பேத்தியை மாற்றக் கோரி

அண்டங்களை அடுக்கி, ஒன்றும் சரியாமல் தாங்கி நிற்கும் பரம்பொருளின் திருவடிக்கு முதல் வணக்கம்.

அன்பும் அடக்கமும் நிறைந்த மாப்பிள்ளைக்கு மாமனார் எழுதுவது. இவ்விடம் அனைவரும் நலம்; என் நெற்றி மட்டும் வீங்கியிருக்கிறது. காரணம் பின்வருமாறு.

நீங்களிருவரும் வேலை நிமித்தம் வெளியூர் சென்று ஒரு மாதமாகிறது. உங்கள் நான்கு வயதுச் செல்வி நாள்தோறும் பள்ளி சென்றும் ஓரெழுத்தும் கற்றாளில்லை. "இன்னிக்கு என்ன படிச்சே?" என்றால், "கட்டையால பாலம் கட்டினேன் தாத்தா" என்கிறாள். விளக்கை விட்டு விறகைப் பிடித்த கதை! ஆசிரியையிடம் முறையிட்டேன். அவரோ, "எது கனம், எது நீளம், எத்தனை வேணும்னு அதுவா யோசிக்குதுங்க ஐயா. எழுத்து எங்க போயிடப் போகுது?" என்று சிரித்தார். "எழுத்து போகாதம்மா, வயசு போயிடும்" என்று சொல்லித் திரும்பினேன்.

சரி, கட்டுவதையாவது முறைப்படி கற்பிப்போமென்று கூடத்தில் அமர்ந்து கோபுரம் எழுப்பினேன். பெரியோரை உயர்ந்த இடத்தில் இருத்துவதே மரபாதலால், பெரிய கட்டையை உச்சியிலும் சிறியவற்றை அடியிலும் வைத்தேன். "தாத்தா, விழும்" என்றாள். "பெரியவங்களை எதிர்த்துப் பேசக் கூடாது" என்றேன். இருமுறை தரையில் விழுந்தது. மூன்றாம் முறை என் நெற்றியில். "பெரிசு கீழ உக்காந்து சின்னதைத் தூக்கிக்கணும் தாத்தா. சின்னது பாவம்ல?" என்றாள். உடனே உங்கள் மாமியார் அடுக்களையிலிருந்து, "நாப்பது வருஷமா நான் சொன்னதும் அதேதான்! இப்பவாவது மண்டையில ஏறிச்சா?" என்றாள். ஏறியது நெற்றி வரையில்தான்.

ஆதலால், எழுத்துப் பயிற்றும் வேறொரு பள்ளிக்கான மாற்றுப் படிவத்தை இத்துடன் வைக்கிறேன். தந்தையின் கையொப்பம் வேண்டும். வெள்ளிக்கிழமை தவறினால் இடம் போய்விடும். பிள்ளை கட்டையோடு கட்டையாக நிற்பாள்.

இங்ஙனம்,
வீங்கிய நெற்றியுடன்,
மாமனார்.

பின்குறிப்பு: உறையிலிடுமுன் ஒன்று நடந்தது. கூடம் முழுக்கப் பாலம் கட்டியவள் ஓடிவந்து, "பாட்டி பெருக்கிடுவாங்க! 'தொடாதே'ன்னு எழுதி வைக்கணும். எப்படி எழுதறது, சீக்கிரம் சொல்லுங்க!" என்றாள். ஒரு மாதம் நான் கெஞ்சியும் வராத எழுத்து, கால்மணி நேரத்தில் மூன்று வந்தது. அவசரத்தில் அவள் கைக்கு அகப்பட்ட தாள் அந்த மாற்றுப் படிவம். மூன்றெழுத்தும் அதை முழுவதும் நிறைத்துப் பாலத்தருகே நிற்கின்றன. கையொப்பத்துக்கு இடமில்லை, தேவையுமில்லை. பள்ளியும் பிள்ளையும் இருந்தபடியே இருக்கட்டும்.

கட்டும் கை தளராமலும், கட்டிய இல்லம் குறையாமலும், இதை வாசிக்கும் நீங்களும் உங்கள் குடும்பமும் நிறைந்து வாழ்க.