சுவரைப் பார்த்து நின்ற மெக்சிகோ பொம்மை

குவேக்கர்ஸ் ஹில், சிட்னி,
செவ்வாய்க்கிழமை காலை

என் மனைவியின் ஒரே தம்பியும், எங்கள் கல்யாணத்தன்று என் புதுச் செருப்பைத் தொலைத்தவனுமாகிய சிரஞ்சீவி வரதராஜனுக்கு, அத்தான் ஈஸ்வரமூர்த்தி எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அக்காவும் மகள் அக்ஷராவும் நலம். மெல்போர்னில் மகன் வீட்டில் நீ குளிரைச் சமாளித்து நலமாக இருக்க அம்பாளை வேண்டுகிறேன். நலம் என்று மரியாதைக்கு எழுதினேனே தவிர, உன் அக்கா என்னோடு பேசி இரண்டு நாள் ஆகிறது. போனில் சொல்லத் தைரியம் இல்லாததால் கடிதம். தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படி.

உன் நார்த்மீட் வீட்டைக் காலி செய்தபோது, உன் மனைவி சந்திரிகா சேர்த்த பொம்மைப் பெட்டியை எங்களிடம் ஒப்படைத்தாயே, இந்தக் கொலுவில் வைக்கச் சொல்லி, அதை ஞாயிற்றுக்கிழமை பிரித்தேன். உன் அக்கா ராதா அடுக்களையிலிருந்து, "மெக்சிகோ பொம்மைய மட்டும் நீங்க தொடாதீங்க, அதை நான்தான் வைப்பேன்" என்று மூன்று தரம் கத்தினாளாம். நான் படிக்குப் பலகை பொருத்த டிரில் போட்டுக்கொண்டிருந்தேன், காதில் விழுந்தால்தானே? ஜப்பான்காரி வந்தாள், குடையோடு. ஸ்காட்லாந்துக்காரன் வந்தான், கட்டம் போட்ட பாவாடையோடு. அடுத்து, காலடியில் மெக்சிகோ என்று அச்சும், தலை நிறைய செண்டுமல்லியும், பூத்தையல் போட்ட நீளக் கவுனும், கொடி இடுப்புமாக ஒருத்தி வந்தாள். ஆகா என்று திருப்பினால், முகம் மண்டையோடு! கண்ணைச் சுற்றிக் கறுப்புக் குழி, மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை, கன்னம் வரைக்கும் பல்லு பல்லாகச் சிரிப்பு. நடுநெற்றியில் கோணலாக ஒரு சிவப்புப் பொட்டு வேறு. ஐயோ, முப்பெரும் தேவியர் எழுந்தருளும் இடத்தில் சுடுகாட்டுச் சமாச்சாரமா, வீட்டுக்கு ஆகுமா, சாஸ்திரம் ஒப்புமா என்று என் மனம் பதறிற்று. அக்ஷராவின் அறையிலிருந்து நெயில் பாலிஷ் ரிமூவரை எடுத்துவந்தேன்.

மண்டையோட்டை மட்டும் துடைத்தால் உள்ளே ஒரு நல்ல முகம் இருக்கும் என்று நினைத்தேன், வரதா. சத்தியமாக நினைத்தேன். முப்பது வருஷம் ரயில்வே சிக்னலில் வேலை பார்த்தவனுக்கு, உள்ளே ஒன்றுமே இருக்காது என்று தோன்றவில்லை பார். பஞ்சால் நாலு இழுப்பு, கண்ணும் போச்சு, வாயும் போச்சு, பொட்டும் போச்சு. உரித்த முட்டை மாதிரி என்னைப் பார்த்தாள். பார்க்கக் கண் ஏது? சரி, நாமே வரைந்துவிடலாம் என்று ராதாவின் மை பென்சிலை எடுத்து, புருவம் இரண்டும் ஒரே அளவாக வர வேண்டுமே என்று ஸ்கேல் வைத்து வரைந்தேன். கை வழுக்கி உதட்டுக்கு மேல் ஒரு கோடு விழுந்தது. லோன் கொடுக்க மறுக்கிற பேங்க் மேனேஜர் மாதிரி ஆகிவிட்டாள். அதை அழிக்க மறுபடி ரிமூவரை ஊற்றித் தேய்த்ததில் பிளாஸ்டிக் இளகி மூக்கு நுனி பஞ்சோடு வந்துவிட்டது.

அதற்குள் ராதா சுண்டல் தாம்பாளத்தோடு வந்துவிட்டாள். நான் பொம்மையை அவசரமாக மேல் படியில் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தேன். "ஏங்க இவ முதுகைக் காட்டிட்டு நிக்கறா?" என்றாள். "மெக்சிகோவில் அதுதான் வழக்கம், பெட்டியிலேயே போட்டிருக்கு" என்று சொன்னேன். வாயில் வந்துவிட்டது, என்ன செய்ய! உன் அக்காவும் நம்பிவிட்டாள். நம்பியதோடு நிற்காமல் சாயங்காலம் வந்த பெண்களுக்கெல்லாம் சொல்லிவிட்டாள். மெக்சிகோவில் எவ்வளவு அடக்கம் பாருங்கள் என்று ஒரு மாமி உருகிப்போனாள். இன்னொரு மாமி, மற்ற பொம்மைகளையும் அப்படி வைத்தால் என்ன என்று கேட்டு, யோசனையோடு மீனாட்சி கல்யாண செட்டையே ஒரு சுற்றுத் திருப்பப் போனாள்.

கடைசியாக வந்தவர் சிவாஜினி. உனக்குத்தான் நன்றாகத் தெரியுமே, வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் சந்திரிகா இருந்த வார்டில் நர்ஸாக இருந்த யாழ்ப்பாணத்துப் பெண். கொலுவைப் பார்த்ததும் குங்குமம்கூட எடுத்துக்கொள்ளாமல் நேரே மேல் படிக்குப் போய்விட்டார்.

"இது சந்திரிகா அக்கான்ர பொம்மையெல்லோ? ஏன் அண்ணை இவ சுவரைப் பார்த்துக்கொண்டு நிக்கிறா?"

"அது... மெக்சிகோவில்..."

"எனக்குத் தெரியாதே மெக்சிகோ? பக்கத்துக் கட்டில்ல இருந்த மெக்சிகோ அம்மாதான் இவவை அக்காவுக்குக் குடுத்தவ. அங்கேயும் படி கட்டி, பூ வச்சு, செத்த ஆக்களின்ர படத்தையும் அவைக்குப் பிடிச்ச சாப்பாட்டையும் வச்சு, வாங்கோ எண்டு கூப்பிடுறவையாம். அக்கா அதைக் கேட்டுட்டு, ஐயோ இது எங்கட கொலு மாதிரியெல்லோ எண்டு சிரிச்சவ. கை நடுங்க நடுங்கப் பொட்டும் தானே வச்சவ. நான்தான் கிண்ணம் பிடிச்சுக் குடுத்தனான். அடுத்த கொலுவுக்கு நான் இல்லாட்டி இவவை மேல் படியில வையுங்கோ, நான் வந்திருக்கிறன் எண்டு நினையுங்கோ எண்டவ."

சொல்லிக்கொண்டே பொம்மையைத் திருப்பினார். மாமிகள் தாம்பூலப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். ராதா திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், வரதா. முப்பத்தெட்டு வருஷமாகத் திட்டுவாங்கிப் பழகின உடம்பு இது. அவள் பொம்மையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மழமழவென்றிருந்த அந்த நெற்றியைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அக்ஷரா நெட்டில் தேடி அதே பொம்மையைக் கண்டுபிடித்தாள். "புதுசு வாங்கிடலாம்ப்பா. பட் அத்தை வெச்ச பொட்டு அதுல இருக்காதே" என்றாள். அந்தக் கோணல் பொட்டைக் கடைசியாகப் பார்த்த பாவி நான்தான்.

நீ சனிக்கிழமை அந்தப் பொம்மையைப் பார்க்கத்தான் வருகிறாய் என்று ராதா இப்போது அழுதுகொண்டே அக்ஷராவிடம் சொல்வது கேட்கிறது. ஆகையால் உன்னை மன்றாடிக் கேட்கிறேன், இந்தச் சனிக்கிழமை வராதே. சிட்னியில் மழை என்கிறார்கள். உனக்கும் முழங்கால் வலி. தீபாவளிக்கு வா, அதற்குள் நல்ல ஆளாகப் பார்த்து முகம் எழுதி வைக்கிறேன். சாஸ்திரத்துக்குப் பயந்த ஒரு கிழவன் செய்த பிழை என்று மன்னித்துவிடு.

உனக்கும் மகன், மருமகளுக்கும் அம்பாள் ஆயுளும் ஆரோக்கியமும் தரட்டும். வெளியே போனால் மஃப்ளர் கட்டிக்கொள். மாத்திரையை மறக்காதே.

என்றும் உன் நலம் நாடும்,
அத்தான் ஈஸ்வரமூர்த்தி

பி.கு.: உறையை ஒட்டிவிட்டுப் பிரித்து எழுதுகிறேன். சாஸ்திரம், அமங்கலம் என்று மேலே எழுதியது எல்லாம் பொய். எனக்கு எந்த சாஸ்திரம் தெரியும்? ஆஸ்பத்திரிக்கு வரும்போதெல்லாம் பார்க்கிங் கிடைக்கவில்லை என்று ராதாவை மட்டும் மேலே அனுப்பினேனே, அதுவும் பொய். கிடைத்தது. ஒரு நாள் மாடி ஏறி அறை வாசல் வரைக்கும் வந்தேன். கதவுக் கண்ணாடியில் சந்திரிகாவைப் பார்த்தேன். கண் குழி விழுந்து, கன்னம் ஒட்டி, பல் மட்டும் தெரிய, அப்படியும் யாரிடமோ சிரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே வராமல் திரும்பிப் போய்க் காரில் உட்கார்ந்துவிட்டேன். பெட்டியைப் பிரித்தபோது அதே சிரிப்பு என்னைப் பார்த்தது. தாங்க முடியாமல்தான் தேய்த்தேன். வராதே என்று எழுதியதை அடித்துவிடு. சனிக்கிழமை வா. வாசலில் நானே நிற்கிறேன். வந்ததும் திட்டு, ராதாவையும் சேர்ந்து திட்டச் சொல். எல்லாம் முடிந்த பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கடைசி நாட்களில் அவள் என்னவெல்லாம் சொல்லிச் சிரித்தாள் என்று எனக்குச் சொல். இந்தத் தடவை எழுந்து போக மாட்டேன்.