அறுபத்து நான்கு மீட்டர்

"நம்ம ஆம்பளைங்க ஓடணும்னா முதல்ல செருப்பைத் தேடுவாங்க. அதுக்குள்ள வர்றவங்க வந்து, உக்காந்து, டீயே குடிச்சிடுவாங்க."

பா என்ற நகரத்து பஸ்ஸில் முன் சீட்டுப் பெண் ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. பின் சீட்டில் இருந்த ஷைலேந்திரா மட்டும் குனிந்து தம் செருப்பைப் பார்த்துக்கொண்டார்.

அது இரண்டாயிரமாவது வருஷம். தீவின் தலைநகரான சுவாவில் துப்பாக்கிக்காரர்கள் பார்லிமென்டுக்குள் புகுந்து ஐந்து வாரமாகியிருந்தது. எங்கெங்கோ இந்தியர் வீடுகளில் கல் விழுகிறது, மாடுகளை ஓட்டிப்போகிறார்கள் என்று தினமும் ஒரு சேதி வந்தது. ஷைலேந்திராவின் சாலையில் ஏழு வீடுகளில் மூன்று பூட்டிக் கிடந்தன. காய்ந்த தென்னை மட்டை தகரக் கூரையில் விழுந்தால் போதும். அவரும் மனைவி உர்மிளாவும் ஏழு வயது மகள் ஷீனலும் மென்ற சோற்றை விழுங்காமல் அப்படியே வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

நியூசிலாந்தின் ஆக்லாந்திலிருந்து உர்மிளாவின் அண்ணன் அனுப்பிய குடியேற்ற விண்ணப்பப் பாரம் மூன்று வாரமாகச் சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. ஷைலேந்திரா நில அளவை ஆபீசில் வரைபடம் வரைகிறவர். அந்த வேலையைக் காட்டி அவர் பெயரில்தான் விண்ணப்பம் போட முடியும். மூன்று இடத்தில் கையெழுத்து. அவர் போடவில்லை. இந்த வீட்டின் படத்தை வரைந்ததே அவர்தான். எந்த ஜன்னலில் எந்த மாதத்துக் காற்று வரும் என்று அவருக்குத் தெரியும். இதை வாய்விட்டுச் சொல்ல வெட்கம். அதனால் கம்ப்யூட்டரில் ஒரு துப்பாக்கி விளையாட்டைக் காட்டினார்.

"இதைப் பாரு உர்மிளா. இந்த ஆளு ஓடறதைப் பாரு."

திரையில் ஒரு கை தெரிந்தது. கையில் துப்பாக்கி. சுவர்கள் இரண்டு பக்கமும் பறந்தன.

"எங்க ஓடறான்?"

"எங்கயோ. அது முக்கியமில்ல. வேகத்தைப் பாரு. நம்ம பின் கதவுலேர்ந்து கரும்புக் கொல்லை அறுபத்து நாலு மீட்டர். நானே டேப் வச்சு அளந்தேன். இவன் அதை அஞ்சு செகண்டுல ஓடிடுவான். நான் இருபதுல ஓட மாட்டேனா? கரும்பு இப்ப ஆள் உசரம். உள்ள போயிட்டா யாரு கண்டுபிடிப்பா? எதுக்கு நியூசிலாந்து?"

உர்மிளா மாவுக் கையோடு கிட்ட வந்து பார்த்தாள்.

"இவனுக்கு வேர்க்காதா?"

"வேர்க்காது."

"பக்கவாட்டுல நண்டு மாதிரி போறான், அதே வேகம். பின்னால போறான், அதே வேகம். எதுலயும் இடறி விழ மாட்டானா?"

"பழக்கம்தான்!"

"கொஞ்சம் கீழ குனிஞ்சு பாக்கச் சொல்லுங்க."

ஷைலேந்திரா மவுசைக் கீழே இழுத்தார். தரை தெரிந்தது. கால் தெரியவில்லை.

"அதானே பார்த்தேன்" என்றாள் உர்மிளா. "காலே இல்ல. அப்புறம் எப்படி வலிக்கும்?"

"அவன் முதுகுல ஏழு துப்பாக்கி இருக்கு, தெரியுமா? வெறுங்கையோட ஓடினாலும் இதே வேகம், ஏழையும் சுமந்து ஓடினாலும் இதே வேகம். ஓட்டத்துக்கும் எடைக்கும் சம்பந்தமே இல்ல. மனசுலதான் இருக்கு."

உர்மிளா கையைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி. சனிக்கிழமை நாலு மணிக்கு ஓடிக் காட்டுங்க. இருபது செகண்டுக்குள்ள கரும்பைத் தொட்டுட்டா உங்க கண் முன்னாலயே பாரத்தைக் கிழிச்சுப் போடறேன். தொடலைன்னா கையெழுத்து."

ஷைலேந்திராவால் நம்ப முடியவில்லை. இவ்வளவு சுலபமாக இவள் எதையும் விட்டுக்கொடுத்ததில்லை. சனிக்கிழமைக்கு இருந்த மூன்று நாளும் ஆபீசுக்குப் போகுமுன் ஓடிப் பார்த்தார். பாதையில் கல் பொறுக்கினார். செருப்பைக் கதவுக்குப் பக்கத்திலேயே, வெளியே பார்த்தபடி வைத்தார். பதினாறு செகண்டு. பதினைந்து. பதினான்கு!

சனிக்கிழமை நாலு மணிக்கு உர்மிளா சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக் கொல்லைப்புறத்தில் நின்றாள். பின் கதவருகே இருபது கிலோ அரிசி மூட்டை ஒன்று இருந்தது. மூட்டைக்கு ஷீனல் தன் மஞ்சள் கவுனை மாட்டி, பொட்டும் வைத்திருந்தாள்.

"இது என்ன?"

"உங்க பொண்ணு. நிஜமா ஓடும்போது அவளைக் கதவுலயே விட்டுட்டா போவீங்க?"

"எடை…"

"சம்பந்தமே இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க!"

ஷைலேந்திரா மூட்டையை அணைத்துத் தூக்கினார். உர்மிளா "ஒண்ணு" என்றாள்.

பத்து மீட்டர் வரை தாமே ஏழு துப்பாக்கி சுமந்தவர் என்று நினைத்து ஓடினார். இருபதில் மூச்சு இரைத்தது. முப்பதில் முழங்கால் தனியாகப் பேசியது. அப்போதுதான் வீட்டின் முன்பக்கம் ஒரு லாரி கிறீச்சென்று நின்றது. கதவு அறையும் சத்தம். யாரோ ஒருத்தன் உரக்கக் கத்தினான். கூரைத் தகரத்தில் ஒரு கல் படீரென்று விழுந்தது. இன்னொரு கல்.

அதற்குப் பிறகு எப்படி ஓடினார் என்று ஷைலேந்திராவுக்குத் தெரியாது. கால் இருந்ததா என்றுகூடத் தெரியாது. கரும்புச் சோகை முகத்தைக் கிழித்தபோதுதான் உள்ளே வந்துவிட்டது புரிந்தது. மண்ணில் படுத்தார். வாயைத் தம் கையாலேயே பொத்திக்கொண்டார். கத்தப் போகிறார்கள். கதவு உடையப் போகிறது. கொல்லைப்புறத்தில் நின்ற உர்மிளா என்ன ஆனாள்? ஷீனல்?

"பதினஞ்சு!" என்றது உர்மிளாவின் குரல்.

சோகையை விலக்கிப் பார்த்தார். வீட்டைச் சுற்றிக்கொண்டு சாமான் ஏற்றும் கேரியர் லாரி ஓட்டும் வீரசாமி வந்துகொண்டிருந்தான். அவன் கையில் மூன்றாவது கல் இருந்தது.

"அக்கா, ரெண்டு போதுமா? இதையும் எறியணுமா?"

"போதும்ப்பா. டீ வச்சிருக்கேன், உள்ள போய்க் குடி."

உர்மிளா கடிகாரத்தைக் கீழே வைத்தாள். முந்தானையிலிருந்து பாரத்தை எடுத்து விரித்தாள். அவள் குரலில் கேலி இல்லை. முகமும் வெளுத்துத்தான் இருந்தது.

"பதினஞ்சு செகண்டு. நீங்கதான் ஜெயிச்சீங்க. சொன்னா சொன்னதுதான். கிழிக்கட்டுமா?"

ஷைலேந்திரா சோகையைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். அப்போதுதான் தம் வெறுங்கைகளைப் பார்த்தார். பிறகு பாதையைப் பார்த்தார். நடுவழியில் ஒரு செருப்பு கிடந்தது. அதற்குப் பக்கத்தில் மஞ்சள் கவுன் குப்புறக் கிடந்தது. ஷீனல் அதன் அருகே குந்தி உட்கார்ந்து, கழுத்தோரம் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்பா," என்றாள், "நான் விழுந்துட்டேன்."

ஷைலேந்திரா நடந்து வந்தார். ஒரு காலில் செருப்பு இல்லை. மூட்டையை மெதுவாகத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். மறு கையால் ஷீனலைப் பிடித்துக்கொண்டு பின் கதவு வழியாக உள்ளே போனார். சமையலறை மேஜை முன் உட்கார்ந்து, உர்மிளாவிடம் பாரத்துக்காகக் கை நீட்டினார். மூட்டையை மடியை விட்டு இறக்காமலே மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டார்.