அறையை விட்டு வெளியே வராத கடற்படை விமானம்

என் கப்பல்காரருக்கு,

ஞானேஸ்வரி வணக்கத்தோடு எழுதுவது. இங்கே கண்டியில் எல்லோரும் சுகம், மழைதான் விட்டபாடில்லை. உங்கள் சுகத்தை விசாரித்து எழுதத்தான் கை வரமாட்டேன் என்கிறது.

நம் மகள் துஷ்யந்தி பேறுகாலத்துக்கு இங்கே வருகிறாள், நீங்கள் கண்ணை மூடியதிலிருந்து பூட்டியே கிடந்த உங்கள் அறையை ஒழித்துக் கொடுக்க வேண்டும். அலுமாரி வெளியே வந்துவிட்டது, கதிரை வந்துவிட்டது, நீங்கள் உள்ளேயே செய்துவைத்த மாதிரி விமானம் மட்டும் வாசலைத் தாண்ட மாட்டேன் என்கிறது. சாய்த்தால் வால் இடிக்கிறது, திருப்பினால் இறக்கை இடிக்கிறது. வாவியில் படகு ஏறியே வாந்தி எடுத்ததால் கப்பல்காரர் என்று நான் பேர் வைத்த மனுஷனுக்குக் கடற்படை விமானம் எதற்கு என்று அப்போதே கேட்டேன். இரண்டு உலகச் சண்டைகளுக்கும் நடுவில் வெள்ளைக்காரன் தன் கடற்படைக்கென்று மாதிரிக்கு ஒன்று செய்தானாம், இஞ்சின் சரிவரவில்லையாம், வேறு இஞ்சின் போடுவதற்குள் கடற்படை வேறு விமானத்தை வாங்கிவிட்டதாம், அவனோ விடாமல் இன்னொரு இஞ்சின் போட்டானாம். "யாருமே வேணாம்னு சொன்னது, ஞானம், நாமளாச்சும் ஒன்னு செய்வோம்" என்றீர்கள். என் சேலைகள் இறக்கையாயின. நீங்களும் அவனைப் போலவே மோட்டார் மாற்றி மாற்றி, கடைசியில் என் பிளெண்டரையும் கழற்றினீர்கள். விமானத்தை ஏற்றி இறக்குகிற கப்பல் லிப்டுக்குள் அடங்குமா என்று அவன் முதலில் அளந்து பார்த்தானாம். நகரசபையில் ஊரையெல்லாம் அளந்த நீங்கள் நம் வாசலை அளந்தீர்களா?

துஷ்யந்தி முன்னாலேயே அனுப்பிவைத்த மருமகன் பிரதீஸ் மரம் அறுக்கிற வாளோடு வந்தான். "மாமி, இறக்கைய அறுத்துட்டா அஞ்சு நிமிஷ வேலை."

"முதல்ல ஒன் கைய நீட்டு, அறுத்துப் பாப்போம்" என்றேன்.

வீட்டுச் சொந்தக்காரர் நவரட்ணராஜா ஐயா யாழ்ப்பாணத்தவர், வாசலை அகலமாக்கலாமா என்று நிதானமாகச் சுவரைத் தட்டிப் பார்த்தார். "ஓம் பிள்ளை, இடிக்கலாம். பிறகு வீடு உந்த விமானத்திலதான் சாய்ஞ்சு நிக்கும்."

துஷ்யந்தி போனில், "அறை அப்பாவுக்கா, புள்ளைக்கா, நீயே சொல்லும்மா" என்றாள். அன்றைக்கு முழுக்க அறை வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் பிரதீஸ் தொட்டில் கட்ட உத்திரத்தில் கயிறு போட்டுக்கொண்டு நின்றான். எனக்கு என்னவோ தோன்றியது. "தொட்டில் கெடக்கட்டும்டா, மொதல்ல இதத் தூக்கு" என்றேன். ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம், ஐயாவும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இழுத்தார். ஒரு நாளும் தரையை விட்டு எழும்பாத உங்கள் விமானம் எழும்பிவிட்டது! இப்போது அது மேலே, கட்டிலும் தொட்டிலும் கீழே.

பிறக்கப் போகிற பிள்ளைக்கு இருந்த இடத்திலிருந்தே ஆசீர்வாதம் பண்ணுங்கள். எனக்கு ஒரு குறையும் இல்லை, அழுகையும் நின்றுவிட்டது.

இப்படிக்கு,
சேலைகளைப் பறிகொடுத்த உங்கள் ஞானம்

பி.கு.: குறை இல்லை என்று எழுதியதை அடித்துவிடுங்கள். இன்றைக்கு ஏணி வைத்து ஏறித் தூசு தட்டினேன். உள்ளே ஒரே ஒரு இருக்கைதான் வைத்திருக்கிறீர்கள். சண்டை விமானம் என்றால் அப்படித்தான் மாமி என்கிறான் பிரதீஸ். ஏணியிலேயே நின்று அழுதேன். வேண்டாமென்று ஒதுக்கிய அத்தனை விமானங்களில், இரண்டு பேர் உட்காருகிற மாதிரி ஒன்றுகூடவா உங்கள் கண்ணில் படவில்லை?