பொறுமைநாதன் எழுதித் தின்ற வரலாறு

ஒரு காட்டில், புலிகூட டோக்கன் வாங்கிவிட்டுத்தான் மானைத் துரத்த வேண்டும் என்று ஆகிவிட்ட காலத்தில், பொறுமைநாதன் என்றொரு கழுதையார் இருந்தார். கழுதைக்கு என்ன 'ஆர்' என்று கேட்காதீர்கள். கதை முடியும்போது நீங்களே அந்த மரியாதையைக் கொடுப்பீர்கள், அல்லது கொடுக்க மாட்டீர்கள். அது உங்கள் பாடு.

அவருக்கு இருந்தது ஒரே ஓர் ஆசை. தன் மனைவி செம்பியைப் பற்றி எழுதிவிட வேண்டும்.

செம்பி செத்துப்போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. காட்டில் பெரும் பஞ்சம் வந்த வருடம், அடிவாரத்து ஊற்றிலிருந்து மேட்டுக் காட்டுக்குத் தண்ணீர் சுமந்தது இந்த இரண்டு கழுதைகள்தான். கோடை முழுக்கச் சுமந்தார்கள். கடைசி ஏற்றத்தில் செம்பி மடங்கி விழுந்தாள். குடத்தை மட்டும் கவிழவிடவில்லை. அந்தக் குடத்துத் தண்ணீரைத்தான் யானை மகோதரன் தும்பிக்கையில் உறிஞ்சி, கூடியிருந்த கூட்டத்தின் மேல் பீய்ச்சினார். அந்த நேரம் பார்த்து யாரோ போட்டோ எடுத்துவிட்டார்கள். அவ்வளவுதான், பஞ்சத்தில் காட்டைக் காப்பாற்றியவர் மகோதரன் என்று ஆகிவிட்டது. அவரும் மறுக்கவில்லை. போட்டோவே இருக்கும்போது எப்படி மறுப்பார், பாவம்.

இப்போது அவருக்குச் சிலை வைக்கப் போகிறார்கள். வன அலுவலக வாசலில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. சிலைக்கு அடியில் ஒரு கல்வெட்டு வரும். பஞ்ச காலத்தைப் பற்றி யாருக்காவது கூடுதலாகச் சொல்ல இருந்தால் ஆடி மாதம் முடிவதற்குள் எழுதிக் கொடுக்கலாம். வாயால் சொன்னால் செல்லாது. கடைசிப் பக்கத்தில் தனியாக உறுதிமொழியும் கையெழுத்தும் வேண்டும். கொடுப்பது எதுவோ அது கல்லில் அப்படியே சேர்க்கப்படும்.

பொறுமைநாதன் அதைப் படித்துவிட்டு நேரே கொட்டகைக்கு வந்தார். போன தேர்தலில் சிங்கம் அச்சடித்து மிஞ்சிப்போன நோட்டீஸ் கட்டு ஒன்று அவரிடம் இருந்தது. எதிர்த்து யாருமே நிற்காத தேர்தலுக்கு எதற்கு அத்தனை நோட்டீஸ் என்று என்னைக் கேட்காதீர்கள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது, அது போதும். எழுத உட்கார்ந்தார்.

உட்கார்ந்தார் என்றால் உட்கார்ந்தார், அவ்வளவே. பேனாவில் மை இருக்கிறதா என்று பார்த்தார். தண்ணீர் குடித்தார். கொட்டகையைக் கூட்டினால் மனசு தெளியும் என்று கூட்டினார். கூட்டியதும் பசித்தது, தின்றதும் தூக்கம் வந்தது. நாளைக்கு விடிந்ததும் முதல் வேலை இதுதான் என்று முடிவு செய்யும்போது மட்டும் அவருக்கு ஓர் உற்சாகம் வரும் பாருங்கள், அதில் கால்வாசி எழுதும்போது வந்திருந்தால் காவியமே முடிந்திருக்கும்.

ஆனி மாதம் இப்படியே ஓடிப்போனது. வேறு வழியில்லாமல் நரி வித்தகனைத் தேடிப் போனார்.

வித்தகன் ஊக்கப் பயிற்சியாளர். முன்பெல்லாம் கோழிகளைத் தேடி இவர் போய்க்கொண்டிருந்தார். இப்போது கோழிகளே கட்டணம் கட்டிவிட்டு இவரைத் தேடி வருகின்றன.

"எழுத உட்கார்ந்தா ஓட மாட்டேங்குதுங்க" என்றார் பொறுமைநாதன்.

"இலக்கு பெருசா இருக்கு, அதான் மிரளுறீங்க" என்றார் வித்தகன். "ஒரு நாளைக்கு ஒரு பக்கம். அதுக்கு மேல யோசிக்காதீங்க. முடிச்சதும் உங்களுக்கு நீங்களே ஒரு பரிசு குடுத்துக்கணும். பரிசு இருக்குன்னு தெரிஞ்சா மனசு தானா வேலைக்கு வந்துடும். உங்களுக்கு என்ன பிடிக்கும்?"

பொறுமைநாதன் கொஞ்சம் வெட்கப்பட்டார். "காகிதம்தாங்க."

"பிரமாதம். ஒரு பக்கம் எழுதுங்க, ஒரு தாள் சாப்பிடுங்க. முடிஞ்சுது."

அத்தோடு விடவில்லை. கழுதையாரின் செல்போனில் ஏதோ ஒரு செயலியை ஏற்றி, 'சிகரம் தொடுவோம்' என்ற குழுவிலும் சேர்த்துவிட்டார். எழுதி முடித்ததும் குழுவில் ஒரு பச்சை டிக் போட வேண்டும். அதைப் பார்த்து யாராவது கைதட்டினால், செல்போன் வித்தகனின் குரலில் "சபாஷ்" என்று சொல்லும். சபாஷ் கேட்ட பிறகுதான் பரிசு. அதற்கு முன்னால் எதையும் வாயில் வைக்கக் கூடாது.

மறுநாள் பொறுமைநாதன் எழுதினார். "செம்பிக்கு இடது காது கொஞ்சம் மடங்கியிருக்கும். கூப்பிட்டால் அந்தக் காதுதான் முதலில் நிமிரும்" என்று ஆரம்பித்து, பக்கம் நிறைந்துவிட்டது. டிக் போட்டார். ஏதோ ஒரு கோழி கைதட்டியது. "சபாஷ்" என்றது செல்போன். செம்பி போன பிறகு அவரைப் பாராட்டி யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. உடம்பெல்லாம் சிலிர்த்துப் போனது மனுஷனுக்கு, அதாவது கழுதைக்கு.

பரிசுக்காகக் கட்டிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவினார். வாய்வரை கொண்டுபோனவர் நிறுத்தி யோசித்தார். வெள்ளைத் தாள் நாளைக்கு எழுதத் தேவைப்படும். எழுதிய தாளோ எழுதி முடித்த தாள், அதில் இனி எழுத இடமே இல்லை. எதை வைத்துக்கொள்ள வேண்டும், எதைச் செலவழிக்கலாம் என்று குடும்பம் நடத்தியவருக்குத் தெரியாதா? வெள்ளைத் தாளைப் பத்திரமாகக் கட்டிலேயே செருகிவிட்டு, எழுதியதைத் தின்றார். மை கலந்ததில் லேசாகக் கரித்தது, நன்றாகவே இருந்தது.

அடுத்த நாள் எங்கே விட்டோம் என்று பார்க்கத் தாள் இல்லை. பரவாயில்லை என்று ஆரம்பத்திலிருந்தே எழுதினார். செம்பிக்கு இடது காது கொஞ்சம் மடங்கியிருக்கும். நேற்றைவிட இன்று நன்றாக வந்ததாகத் தோன்றியது. டிக், சபாஷ், மெல்லல். அதற்கடுத்த நாளும் அதே காது. குழுவில் பச்சை டிக்குகள் வரிசையாக ஏறிக்கொண்டே போயின. எழுதுகிறோம் என்பதற்கு அதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்? கழுதையாருக்கு முகத்தில் களை வந்தது, உடம்பு பளபளத்தது. குழு அவருக்கு 'அசராத எழுத்தாளர்' என்று பட்டம் கொடுத்தது. வித்தகன் வகுப்புக்கு வகுப்பு அவரைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார்.

"தினமும் எப்படிங்க முடியுது?" என்று ஒரு முயல் கேட்டது.

"பசிதாங்க காரணம்" என்றார் பொறுமைநாதன். அதைக் கேட்டு வகுப்பே எழுந்து நின்றது. கோழிகள் சில கண்ணைத் துடைத்துக்கொண்டன.

ஆடி மாதக் கடைசி நாள். எழுதியதை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடலாம் என்று காலையில் கட்டைப் பிரித்தார். ஒரு பக்கம் முழுக்க வெள்ளை. திருப்பினால், எல்லாத் தாளிலும் சிங்கம் கும்பிட்டபடி சிரித்துக்கொண்டிருந்தது. கட்டு மட்டும் இளைத்திருந்தது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"செம்பி, உன்னைத் தின்னே தீத்துட்டேனே" என்று வாய்விட்டு அழுதார்.

அழுது முடித்துவிட்டு எழுத ஆரம்பித்தார். இந்தத் தடவை தண்ணீர் குடிக்கவில்லை, கொட்டகையைக் கூட்டவில்லை. குழுவில் டிக் போடவும் இல்லை. காது, பஞ்சம், ஊற்று, ஏற்றம் என்று எல்லாம் வந்தது. கவிழாத குடம் வந்த இடத்தில் கொஞ்ச நேரம் எழுத முடியாமல் உட்கார்ந்திருந்தார், பிறகு அதையும் எழுதினார். மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. கடைசியாக ஒரு தனித்தாள் எடுத்து, "மேலே சொன்னவை அனைத்தும் உண்மை என்று உறுதி கூறுகிறேன். இப்படிக்கு, பொறுமைநாதன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நல்ல மனசுள்ள கதைசொல்லியாக இருந்தால் கதையை இங்கேயே முடித்துவிடுவான். நான் என்ன செய்வது, கழுதையார் அடுத்ததாக ஒரு காரியம் செய்தார். நீங்களும் நானும் செய்கிற அதே காரியம்தான். எழுதிய கட்டைப் போட்டோ பிடித்து, "முழுவதும் முடித்துவிட்டேன். அலுவலகத்துக்குக் கிளம்புகிறேன்" என்று குழுவில் போட்டார்.

அலுவலகத்தில் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. கவுண்டரில் இருக்க வேண்டிய வெள்ளாட்டம்மா டீ குடிக்கப் போயிருந்தார். வரிசைக்குத் தலைமாட்டில் முகவரி மாற்றத்துக்காக ஓர் ஆமை நின்றது. அது தினமும் வரும். அது நகர்ந்தால் முகவரியும் நகர்ந்துவிடுகிறதே, என்ன செய்யும்?

பொறுமைநாதன் காலையிலிருந்து ஒன்றும் தின்னவில்லை. அப்போது குழுவில் யாரோ போட்டோவைப் பார்த்துவிட்டார்கள்.

"சபாஷ்" என்றது செல்போன்.

எச்சிலை விழுங்கினார். இன்னொரு சபாஷ் வந்தது. செல்போனை அணைத்துவிடலாம் என்று குளம்பால் அமுக்கினார், சத்தம் கூடியதுதான் மிச்சம். குழுவில் இருந்த கோழி, முயல், கொக்கு எல்லாம் சேர்ந்து கைதட்டத் தொடங்கின. மாதம் முழுக்க அந்தச் சத்தத்துக்குப் பழகின வாய் அது. பஞ்சத்து வர்ணனை கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கிறது, ஒரு பக்கத்தைக் குறைத்தால் கதை விறுவிறுப்பாகும் என்று அவருக்குத் தோன்றியது. குறைத்தார். அடுத்த சபாஷுக்கு ஊற்று போனது. அதற்கப்புறம் காரணம் சொல்லிக்கொள்ளக்கூட நேரமில்லை. காது போனது, ஏற்றம் போனது, கவிழாத குடமும் உள்ளே போனது. அழுதுகொண்டே மென்றார். மெல்வதை மட்டும் நிறுத்த முடியவில்லை.

"அடுத்தது யாரு?" என்றார் வெள்ளாட்டம்மா.

பொறுமைநாதன் கையிலிருந்த ஒரே தாளை நீட்டினார்.

"ஒரு பக்கம்தானா?"

"மீதி இருந்துச்சும்மா. நாளைக்கு எழுதிக் கொண்டாந்து குடுக்கட்டுங்களா?"

"இன்னிக்குத்தான் கடைசி நாள். உறுதிமொழி இருக்கு, கையெழுத்து இருக்கு. ஆபீசுக்கு வேண்டியது அதான். பாதிப் பேர் கதையெல்லாம் எழுதிட்டு அதை மறந்துட்டு வர்றாங்க." தாளின் ஓரத்தை ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு, சீல் வைத்து உள்ளே போட்டார்.

ஆவணியில் சிலையைத் திறந்தார்கள். மேளம், மாலை, சிங்கத்தின் பேச்சு எல்லாம் முடிந்த பிறகு, பொறுமைநாதன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் கல்வெட்டைப் படித்தார்.

"பெரும் பஞ்சத்தில் தனி ஒருவராகத் தண்ணீர் சுமந்து இக்காட்டைக் காத்த வள்ளல் மகோதரன். மேலே சொன்னவை அனைத்தும் உண்மை என்று உறுதி கூறுகிறேன். இப்படிக்கு, பொறுமைநாதன்."

அவர் தோளில் தும்பிக்கை ஒன்று வந்து விழுந்தது. மகோதரனுக்குக் கண் கலங்கியிருந்தது.

"என் மேல இவ்வளவு மதிப்பு வெச்சிருப்பீங்கன்னு நான் நெனைக்கவே இல்லை" என்றார் யானையார். "பஞ்சத்தப்போ உங்களை எங்கேயோ பார்த்த ஞாபகம்கூட இருக்கு."

பொறுமைநாதன் பதில் சொல்வதற்குள் வித்தகன் ஓடிவந்து, அவரைக் கல்வெட்டுக்குப் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்தார். "நம்ம பயிற்சிக்கு வந்து எழுத்து கல்லுலயே ஏறின முதல் ஆள் நீங்கதான்" என்று சொல்லிக்கொண்டே அதைக் குழுவில் போட்டார்.

எங்கோ ஒரு கோழி கைதட்டியது. "சபாஷ்" என்றது செல்போன்.

பொறுமைநாதன் குனிந்து தன் பெயரைக் கடித்தார். கருங்கல். பல்தான் ஆடியது.

நீதி: எழுதியதைத் தின்னும் பழக்கம் உள்ளவர்கள், கையெழுத்துப் போட்ட பக்கத்தை முதலில் தின்றுவிட வேண்டும்.