பாயாச வாளியின் தொடர்ச்சி

"சேர், மூலக் கசற்றைத் தாங்கோ."

இதைக் கேட்கவே கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே நாகேந்திரம் சேர் எச்சரித்திருந்தார். "மெற்றில்டா, லீவு கேளும், ஃபான் கேளும். கமரா பிடிச்ச கசற்றை மட்டும் கேக்கப்படாது."

தமிழரின் வரலாறு வெள்ளவத்தையில், ஒரு சேலைக் கடையின் மேல்மாடியில்தான் தயாரிக்கப்படுகிறது. மற்றவர்கள் யுத்தம் நடத்திக்கொண்டிருக்க, சேர் கல்யாண வீடியோ தொகுத்துக்கொண்டிருந்தார். லண்டன் மாப்பிள்ளை வந்து தாலி கட்டிவிட்டுப் போவார். பெண் விசாவுக்கு விண்ணப்பிப்பாள். கல்யாணம் "உண்மையானது" என்று எங்கள் வீடியோதான் தூதரகத்தில் சாட்சி சொல்லும். இந்த மாபெரும் பொறுப்பில், எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டின் முதலாவது பட்டதாரியான நான் உதவித் தொகுப்பாளர்.

பல்கலைக்கழகம் நான்கு வருடத்தில் சொல்லித் தராததை சேர் நான்கு நாளில் சொல்லித் தந்தார். வெங்காயம் உரித்துக் கண் துடைத்த பெரியம்மாவைத் தாலி கட்டுக்குப் பின்னால் ஒட்டினால் அது ஆனந்தக் கண்ணீர். ஒரு காட்சியின் மேளத்தை அடுத்த காட்சிக்கும் இழுத்துவிட்டால், நடுவில் யார் கத்தினாலும் கேட்காது. வெட்டிய இடத்தில் ஒரு பூவைக் காட்டினால், அங்கே என்ன இருந்தது என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

"நல்ல வெட்டு எண்டால், வெட்டினதே தெரியப்படாது, பிள்ளை."

எப்பேர்ப்பட்ட தத்துவம்! அரசாங்கங்களே பின்பற்றுகின்றன.

போன மாதம் பாமன்கடை மண்டபமொன்றில் தில்லைநாதன் என்பவரின் மகளுக்குக் கல்யாணம். பந்தி நடக்கும்போது பொலிஸ் வந்தது. விருந்தினர் அடையாள அட்டைகளை நீட்டினார்கள். பரிமாறிக்கொண்டிருந்த இருளப்பனின் அட்டை, சமையற்கட்டில் கழற்றி மாட்டிய சட்டைப்பையில் இருந்தது. எடுத்து வர விடவில்லை. பாயாச வாளியைக் கவனமாக நிலத்தில் வைத்தார், அவரைக் கொண்டு போனார்கள். எல்லாம் கசற்றில் பதிந்திருந்தது. திரையின் மூலையில் திகதியும் நேரமும்: பதினொன்று இருபது.

"பொலிஸைக் கண்டால் விசா குடுப்பாங்களே? வெட்டும்" என்றார் சேர்.

வெட்டினேன். இருபத்தெட்டு செக்கன். மல்லிகைச் சரம் வைத்தேன். மேளத்தை இழுத்துவிட்டேன். சேர் போட்டுப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"என்ன பிள்ளை, வாளி தனிய நிக்குது?"

"ஆளைப் பிடிச்சுக்கொண்டு போயிட்டினம், சேர்."

"அது எனக்கும் தெரியும். பாக்கிறவன் கேக்கமாட்டானே, வாளி கொண்டுவந்தவன் எங்கை எண்டு? தொடர்ச்சி பிழைச்சுப் போச்சு. வாளியையும் எடும்."

எடுத்தேன். தொடர்ச்சி பூரணமாயிற்று.

நேற்று இருளப்பனின் மனைவி இராமலெட்சுமி மேல்மாடிக்கு வந்தாள். "மிஸ், அன்னைக்குக் காலைல பத்து மணிக்குத் துறைமுகத்துக்கிட்ட அவரக் குண்டோட புடிச்சோம்னு பொலிஸ்ல எழுதியிருக்காங்க. பதினோரு மணிக்கு மேல கல்யாணத்துல பாயாசம் ஊத்துன மனுசன் மிஸ்! புதுக்கடைக் கோர்ட்டு வக்கீலய்யா அந்தப் படத்தக் கொண்டாரச் சொல்றாரு."

அதனால்தான் இன்று அந்தத் தகாத வார்த்தையைச் சொன்னேன்.

"எங்கட கொப்பி ஒண்டைக் குடுத்துவிடும்" என்றார் சேர்.

"அதிலை அவர் இல்லை. நாங்கள்தானே வெட்டினாங்கள்."

"அப்ப அவன் கல்யாணத்துக்கே வரேல்லை."

"சேர்!"

"உமக்கு விசரே? நாளைக்கு ஒரு சாமத்தியச் சடங்கு வீடு. அந்தக் கசற்றிலைதான் மேலாலை பதியப் போறம். பரிமாற வந்த ஒருத்தனுக்காக நானும் உள்ளை போய் இருக்கிறதோ? படிச்ச பிள்ளை, யோசியும்."

யோசித்துத்தான் இருந்தேன். கேட்டது வெறும் மரியாதைக்கு. காலையில் சேர் சாமி படத்துக்கு ஊதுவத்தி காட்டிக்கொண்டிருந்தபோதே அந்தக் கசற் என் கைப்பைக்குள் வந்துவிட்டது. அது இருந்த பெட்டிக்குள் இப்போது ஒரு வெற்றுக் கசற். வெட்டினது தெரியவே இல்லை. சேரிடம் படித்தவள் அல்லவா!

ஒரு மனிதனைக் காணாமலாக்கப் பொலிஸுக்கு ஒரு ஜீப்பும் நாலு துவக்கும் தேவைப்பட்டன. எங்களுக்கு ஒரு முழம் மல்லிகையும் ஒரு பட்டதாரியும் போதுமாயிருந்தது.

பையைத் தோளில் மாட்டினேன்.

"எங்கை போறீர்?"

"புதுக்கடைக்கு, சேர்."

"அங்கை என்ன?"

"வாளி கொண்டுவந்தவர் எங்கை எண்டு கேக்க."

படியிறங்கினேன்.