புகார் எழுதச் சொன்ன முதலாளி

எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நான் சொல்லிக்கொள்வதில்லை. மற்றவர்கள் சொன்னால் மறுப்பதுமில்லை. தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டோடு படிப்பை முடித்துக்கொண்டு (பள்ளிக்கூடமும் அதற்காக வருத்தப்படவில்லை), லாரியில் மூட்டை தூக்கி, பிறை என்ற ஊரில் சொந்தமாக அட்டைப்பெட்டித் தொழிற்சாலை போட்டவன் நான். எத்தனையோ அதிகாரிகள் வந்து போனார்கள். அத்தனை பேர் முன்னாலும் நிமிர்ந்து நின்றவன், ஒரே ஒரு நாள், என் சொந்த ஆட்கள் முப்பது பேர் முன்னால், முகத்தை எந்தப் பக்கம் வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன்.

ஐரோப்பாவில் ஒரு பெரிய கம்பெனிக்கு எங்கள் பெட்டிகள் போய்க்கொண்டிருந்தன. எங்களுக்குப் பாதிச் சோறு அந்த ஆர்டர்தான். ஒருநாள் அவர்களிடமிருந்து கடிதம் வந்தது. நிறுவனங்களின் சமூகப் பொறுப்புக்கென்று உலக அளவில் விதிகள் இருக்கின்றனவாம்; இனி நாங்களும் அவற்றுக்குக் கட்டுப்பட வேண்டுமாம்; சோதிக்க ஆள் வருமாம்; தேறாவிட்டால் ஆர்டர் கிடையாதாம். கூடவே எண்பது பக்கத்தில் ஒரு புத்தகம். அதை என் மனைவி சரோஜா அச்செடுத்து என் மேசையில் வைத்தாள். (எங்கள் ஆபீஸ் என்றால் அது சரோஜாதான். ஆட்களின் சம்பளம், ஈ.பி.எஃப்., லாரிக்காரர்களோடு சண்டை, எல்லாம் அவள் பொறுப்பு.) படித்துப் பாருங்கள் என்றாள். நான் கையில் எடுத்து எடை பார்த்துவிட்டு, நீயே படித்துச் சொல் என்றேன்.

அவள் சொல்லச் சொல்ல எனக்குச் சிரிப்பு வந்தது. வாரத்துக்கு இத்தனை மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று ஒரு பக்கம். நல்ல விதிதான். ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆர்டர் அனுப்பி, திங்கள் காலைக் கப்பலுக்குப் பெட்டி கேட்பதும் அதே கம்பெனிதான். அதைச் சோதிக்க எண்பது பக்கத்தில் ஒரு வரி கிடையாது. பால் கொடுக்கும் தாய்மாருக்கு அறை வேண்டும் என்று இன்னொரு பக்கம். எங்களிடம் வேலை செய்யும் பெண்களில் இளையவருக்கே பேரன் இருக்கிறான். இருந்தாலும் அறை ஒதுக்கினேன். மத்தியானத்தில் சூப்பர்வைசர் கணேசன் அதில் தூங்கினான்.

எல்லாவற்றையும்விட வேடிக்கை, வரும் தேதியைப் பதினைந்து நாள் முன்பே சொல்லிவிட்டார்கள். பதினைந்து நாள் கொடுத்தால் நான் மாட்டுக் கொட்டகையையே மருத்துவமனையாக்கிக் காட்டுவேன். சுவரெல்லாம் பெயிண்ட். தீயணைப்புக் கருவிகளுக்குப் புதுச் சிவப்பு. விதிப்படி ஒரு புகார்ப் பெட்டியும் செய்து, என் அறை வாசலில் மாட்டினேன். யாரும் உடைத்துவிடக் கூடாதே என்று அதற்கு நேர் மேலே கேமரா. சாவி என் இடுப்பில்.

வெள்ளைக்காரன் வருவான் என்று ஆங்கிலத்தில் நான்கு வரி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். வந்தது கவிதா என்ற நம் பெண். கோலாலம்பூர்க்காரி, முப்பது வயது இருக்கும். வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டுத்தான் பேச்சை ஆரம்பிப்பது என் வழக்கம். ஜார்ஜ்டவுனிலிருந்து பிரியாணி வரவழைத்திருந்தேன். அவளோ பையிலிருந்து சொந்தத் தண்ணீர்ப் புட்டியை எடுத்து வைத்தாள். உங்கள் வீட்டுத் தேத்தண்ணிகூடக் குடிக்கக் கூடாது அங்கள், ரூல்ஸ் என்றாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. அந்த அளவுக்குத் தன்னம்பிக்கை.

புகார்ப் பெட்டியின் முன்னால் வந்து நின்றாள். இதுவரை எத்தனை புகார் வந்தது என்று கேட்டாள். ஒன்றுகூட இல்லை என்று மார்பை நிமிர்த்திச் சொன்னேன்.

"ஒரு புகாரும் வரலன்னா ரெண்டு அர்த்தம் அங்கள். ஒண்ணு, இந்த எடம் சொர்க்கம். இல்லன்னா, பெட்டி வேலை செய்யல."

"சொர்க்கம்னே எழுதிக்கலாம்லா."

அவள் தலையைத் தூக்கிக் கேமராவைப் பார்த்தாள். பிறகு எழுதியதுதான் அதிகம். பெட்டியைக் கேண்டீனுக்கு மாற்ற வேண்டும்; சாவி தொழிலாளர் பிரதிநிதியிடம் இருக்க வேண்டும்; மூன்று வாரத்தில் மறுபடி வருவாள்; ஆட்கள் பெட்டியைப் பயன்படுத்துகிறார்கள் என்பதற்கு அன்று ஆதாரம் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆர்டர் போய்விடும்.

ஆதாரம்தானே? நான் உற்பத்தியாளன். பெட்டி கேட்டால் பெட்டி செய்வேன், புகார் கேட்டால் புகார் செய்வேன். மறுநாள் காலை எல்லாரையும் கூட்டி, வெள்ளிக்கிழமைக்குள் ஆளுக்கொரு புகார் போட்டாக வேண்டும், இந்தக் காம்பவுண்டுக்குள் கால் வைக்கும் யாருக்கும் விதிவிலக்கு இல்லை என்று உத்தரவு போட்டேன்.

"என்னன்னு எழுதறது போஸ்?" என்றான் கணேசன்.

"எத வேணும்னாலும் எழுது. என்னையே திட்டி எழுது."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன?"

"ஒண்ணுமில்ல போஸ்" என்று போய்விட்டான்.

கவிதா மறுபடி வந்த அன்று, கேண்டீனில் எல்லாரையும் வைத்துக்கொண்டே பெட்டியைத் திறக்கச் சொன்னேன். அவள் தடுத்தாள். இதைத் தனி அறையில்தான் படிக்க வேண்டும், எழுதியவர் யாரென்று தெரியக் கூடாது என்றாள். என்னிடம் ஒளிவு மறைவே கிடையாது என்று சொல்லி, சீட்டுகளை அள்ளி, நானே உரக்கப் படிக்க ஆரம்பித்தேன்.

"முதலாளி ஓய்வே எடுப்பதில்லை. உடம்பைக் கவனிக்க வேண்டும்." அடுத்தது: "கேண்டீன் மீன் அளவுக்கு மீறிப் பெரிதாக இருக்கிறது." அதற்கடுத்தது: "புகார் இல்லாததே என் புகார்." பத்துப் பன்னிரண்டு சீட்டுகள் ஒரே கையெழுத்து, கணேசனுடையது. கவிதாவின் முகம் இறுகிக்கொண்டே போனது. எனக்கோ குரல் ஏறிக்கொண்டே போனது. கல்யாண வாழ்த்து மடல் படிப்பதுபோல் ராகம்கூட வந்துவிட்டது.

அந்த ராகத்திலேயே, கம்ப்யூட்டரில் அடித்திருந்த அடுத்த சீட்டையும் எடுத்தேன். "இருபத்திரண்டு வருடமாக இங்கே வேலை செய்கிறேன். நியமனக் கடிதம் இல்லை. சம்பளம் இல்லை. ஈ.பி.எஃப். இல்லை. ஒரு நாள் லீவு இல்லை. காய்ச்சலோடும் வந்திருக்கிறேன்."

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. ஆர்டரைக் கெடுக்க எவனோ செய்த வேலை.

"எவன்யா இந்தப் பொய்ய எழுதினது? இருபத்திரண்டு வருஷமா சம்பளம் வாங்காம வேலை பாக்கற முட்டாள் இங்க எவன்?"

யாரும் என்னைப் பார்க்கவில்லை. முப்பது பேரும் ஒரே பக்கம் பார்த்தார்கள். கேண்டீன் வாசலில், லாரி ஃபைலோடு, சரோஜா.

"நான்தாங்க. யாருக்கும் விதிவிலக்கு இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க."

(கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். லாரி எத்தனை மணிக்கு வரும் என்று சொல்லும் அதே குரலில் சொன்னாள்.)

"அவ என் சம்சாரம்மா" என்றேன் கவிதாவிடம். "இந்தக் கம்பெனியே அவளோடதுதான்."

"பத்திரத்துல அவங்க பேர் இருக்கா அங்கள்?"

கணேசன் இருமினான். அந்த இருமலுக்காக அவனை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

கவிதா சரோஜாவை என் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். முதலாளி பக்கத்தில் இருக்கக் கூடாது என்பது விதி. என் அறை வாசலிலேயே ஒரு மணி நேரம் நான் நின்றேன். உள்ளே சரோஜா சிரிக்கும் சத்தம் கேட்டது. ஆர்டர் போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டேன்.

வெளியே வந்த கவிதா சொன்னாள்: "மத்த சீட்டெல்லாம் குப்பை அங்கள். அது மட்டும் இருந்தா ஃபெயில் போட்டிருப்பேன். இது ஒண்ணுதான் நெசம். பெட்டி வேலை செய்யுது." மூன்று மாதத்தில் சரோஜாவின் குறையைத் தீர்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு ஆர்டர் பிழைத்தது.

அந்த எண்பது பக்கத்தைப் பற்றி இன்றும் என் கருத்து மாறவில்லை. பெயிண்ட் அடித்தால் ஏமாந்துவிடும். வாங்குகிற கம்பெனியின் வெள்ளிக்கிழமை அதற்குக் கண்ணில் படாது. ஆனால் கதவைச் சாத்திவிட்டுக் கேட்க வேண்டும் என்று அதை எழுதிய ஆள் யாரோ, கெட்டிக்காரன். இருபத்திரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்து நான் கேட்காத கேள்வியை ஒரு மணி நேரத்தில் கேட்க வைத்துவிட்டான்.

நியமனக் கடிதத்தை நான் பெருந்தன்மையோடு கொடுத்தேன். சரோஜா அதை நான்கு நாள் கையெழுத்துப் போடாமல் வைத்திருந்து, 'உதவியாளர்' என்பதைச் சிவப்பு மையால் அடித்து 'மேலாளர்' என்று எழுதித் திருப்பினாள். பிறகு வருட லீவு பதினாறு நாளையும் ஒரேயடியாக எடுத்துக்கொண்டு சுங்கை பாக்காப்பில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். அந்தப் பதினாறு நாளும் ஆபீஸை நானே தனியாக நடத்தினேன். ஈப்போவுக்குப் போக வேண்டிய ஒரு லாரி நேர் எதிர்ப்பக்கம் பாலம் தாண்டி, தீவிலுள்ள பாலிக் புலாவில் டுரியான் பழத் தோட்டத்துக்கு நடுவே போய் நின்றதைத் தவிர வேறு குறை இல்லை.

இப்போதெல்லாம் தீபாவளிக்குப் பிள்ளைகள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் என்று எங்கள் ஜார்ஜ்டவுன் வீடு நிறைந்திருக்கும்போது, பழக்க தோஷத்தில் ஹாலில் உட்கார்ந்து, சரோஜா, ஒரு தேத்தண்ணி என்பேன். அவள் வாய் திறப்பதற்குள் மொத்தக் குடும்பமும் கோரஸாகச் சொல்லும்: "பொது விடுமுறை. மூணு மடங்கு சம்பளம்."

சட்டத்தை விசாரித்துப் பார்த்துவிட்டேன். சரியாகத்தான் சொல்கிறார்கள். எழுந்து போய் நானே கலக்குகிறேன். போன தீபாவளிக்குப் பதினோரு கோப்பை.