செட்டிக்காட்டுப் பிரிவில் ஓர் ஆண் பயணி

அன்றைக்கும் ஏழு ஐம்பது டவுன் பஸ் நிற்கவில்லை. கை காட்டிய விஜயராணியின் முகத்தில் புகையை விட்டுவிட்டுப் பல்லடம் ரோட்டில் பறந்தது.

செட்டிக்காட்டுப் பிரிவு பஸ் ஸ்டாப்பில் நின்ற பதினொரு பேரும் பெண்கள். பெண்களுக்கு டிக்கெட் இலவசம். ஏற்றச் சொல்லித்தான் உத்தரவு. நிறுத்தவும் வேண்டும் என்று யாரும் டிரைவரிடம் தனியாகச் சொல்லவில்லை போலிருக்கிறது.

"ஒரே ஒரு ஆம்பள நின்னாப் போதும், பொசுக்குன்னு பிரேக்கு போடுறான். நாம என்ன மைல்கல்லா?" என்று பொருமினாள் விஜயராணி. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து நாலு வருடமாகப் பனியன் கம்பெனியில் தைக்கிறவள்.

கம்பெனி கேட்டை எட்டரைக்குச் சாத்திவிடுவார்கள். சூப்பர்வைசர் செல்வக்குமார் அங்கே புன்னகையோடு நின்றிருந்தார்.

"ஏனுங்க விஜயராணி, இன்னும் ரெண்டு தடவ லேட்டாச்சுன்னா இவ்ளோ தூரம் வந்து சிரமப்படாதீங்க. ஊட்லயே இருந்துக்குங்க."

வேலையை விட்டுத் தூக்குவதைக்கூட அந்த ஊரில் அவ்வளவு மரியாதையாகச் செய்வார்கள்.

விஜயராணி கவுன்சிலரிடம் போய், பஸ் நிற்க வேண்டும் என்று மனுக் கொடுத்தாள். அவரும் தயங்காமல் நிழற்குடை கட்டிக் கொடுத்தார். பத்தே நாளில் வேலை முடிந்தது; அதுவரை அவள் விடியுமுன்னே கிளம்பி நடந்தே கம்பெனிக்குப் போனாள். படம் ஒட்ட இடம் இருக்கிற வேலைகள் சீக்கிரம் முடிந்துவிடும். கவுன்சிலர் கும்பிடுகிற படம் முன்பக்கத்தை முழுக்க மறைத்தது. பஸ் இப்போதும் நிற்கவில்லை. முன்பு ஆள் நிற்பது தெரிந்தும் நிற்கவில்லை. இப்போது தெரியாமலே நிற்கவில்லை.

வாடகைக்குக் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் ஈஸ்வரமூர்த்தியிடம் சொல்லிப் புலம்பினாள். அவருக்குக் காதர்பேட்டையில் பனியன் கடை.

"ஆம்பளைதானுங்களே வேணும்? நம்ம கடைல நாலு பேரு சும்மா நிக்கறாங்க. ஒண்ண எடுத்துக்குங்க கண்ணு" என்றார்.

மறுநாள் காலை, நிழற்குடைக்கு வெளியே வாட்டசாட்டமாக ஓர் ஆள் நின்றார். மூக்கு உடைந்திருந்ததால் மாஸ்க். தலை வழுக்கையானதால் தொப்பி. எக்ஸ்போர்ட்டில் ரிஜெக்ட் ஆன டீ-ஷர்ட். திருட்டுப் போகாதபடி இடுப்பைத் தூணோடு சேர்த்துக் கட்டியிருந்தாள்.

பஸ் கிறீச்சிட்டு நின்றது. பதினொரு பேரும் ஏறிக்கொண்டார்கள்.

கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "அந்த அண்ணன் ஏறலீங்களா?"

"அவரு அடுத்த வண்டிக்கு நிக்கிறாருண்ணே."

ஒரு வாரம் இப்படியே போனது. கண்டக்டருக்கு மானப் பிரச்சினை ஆகிவிட்டது. அடுத்த வண்டி பிரைவேட் பஸ் அல்லவா!

"கவர்ன்மெண்டு வண்டின்னா அவருக்கு அவ்ளோ எளக்காரமுங்களா? இருக்கட்டும், பாத்துக்கறேன்."

அடுத்த நாள் பஸ் ஐந்து நிமிடம் முன்னதாக வந்தது. ஆளை விட்டுவிடுவோமோ என்று பிரைவேட்காரன் அதற்கும் ஐந்து நிமிடம் முன்னால் வந்தான். ஒரே வாரத்தில் ஏழு ஐம்பது பஸ், ஏழு ஐந்து பஸ் ஆயிற்று.

நாளுக்கு நாள் முந்தி ஓடிவந்தும் அன்றைக்கு ஏழு பத்துக்கு வந்து சேர்ந்த விஜயராணியிடம், எதிரே இட்லிக் கடை வைத்திருக்கும் பழனாத்தாள் சொன்னாள்: "ரெண்டு வண்டியும் அப்பவே போயிருச்சுங்க அம்மிணி. உங்காளக் கெஞ்சிக் கெஞ்சிக் கூப்ட்டாங்க. மனுசன் அசையலையே! ரொம்பத் தலக்கனம்னு திட்டிட்டுப் போறாங்க."

"அட பாவிங்களா!"

அன்றைக்கு லேட். செல்வக்குமார் புன்னகை மாறாமல் ஒரு விரலைக் காட்டினார். இன்னும் ஒரு தடவைதான்.

போதும்டா சாமி என்று, சாயங்காலம் அந்தக் கடைப் பொம்மையை அவிழ்த்துக்கொண்டு போக வந்தாள். ரோட்டோரம் ஏசி போட்ட கார் ஒன்று நின்றது. உள்ளே சென்னையிலிருந்து வந்த போக்குவரத்து நிபுணர். தலைநகரத்தில் மெட்ரோத் தூணை எங்கே நடலாம் என்று ஆறு வருடம் யோசித்த அனுபவம் அவருக்கு. கார்க் கண்ணாடி ஒரு விரல் அளவு இறங்கியது.

"அம்மா, கொஞ்சம் தள்ளுங்க. அந்த சாரை மறைக்கிறீங்க. காலையிலேருந்து சர்வே போயிட்டிருக்கு."

தள்ளிப் போனாள். வேறென்ன செய்வது?

நிபுணரின் அறிக்கை கவுன்சிலர் கைக்கு வந்தது. 'செட்டிக்காட்டுப் பிரிவில் ஆண் பயணி ஒருவர் பன்னிரண்டு மணி நேரம் ஆடாமல் அசையாமல் காத்திருந்தும் பொருத்தமான பஸ் கிடைக்கவில்லை. உடனடியாகத் தனிப் பஸ் தேவை.' பதினொரு பெண்களைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

தனிப் பஸ்ஸுக்கு உத்தரவாகிவிட்டது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் தொடக்க விழா. ஆகவே பழைய பஸ் இனி அங்கே நிற்காது என்றும் பலகை வைத்தார்கள்.

"திங்கக்கிழம புதுப் பஸ்ஸுல வந்துருவேன் சார்" என்றாள் விஜயராணி.

"சந்தோசமுங்க. அன்னிக்கு லேட்டானா வேற கம்பெனி பாத்துக்குங்க" என்றார் செல்வக்குமார். அதற்கும் ஒரு புன்னகை.

திங்கட்கிழமை. ஒரு பழைய பஸ்ஸுக்குப் புது பெயிண்ட் அடித்து, வாழை மரம் கட்டி நிறுத்தியிருந்தார்கள். கவுன்சிலர் ரிப்பன் வெட்டினார். பிறகு, பொறுமைக்குப் பேர்போன அந்த ஆண் பயணிக்குப் பொன்னாடை போர்த்திக் கையைப் பிடித்துக் குலுக்கினார். கை கழன்று வந்துவிட்டது.



கவுன்சிலர் ஒரு கணம் கையைப் பார்த்தார். அதை அப்படியே திருப்பி மாட்டினார். கேமராவைப் பார்த்துச் சிரித்தார். எல்லோரும் கை தட்டினார்கள்.

பெண்கள் அடித்துப் பிடித்து ஏறினார்கள். கூட்டம் கலைந்தது, கவுன்சிலர் கார் போயிற்று. மணி எட்டு பதினைந்து. பஸ் நகரவில்லை.

ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி டிரைவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மொடமொடவென்று புதுக் காக்கி, தொப்பி, மாஸ்க்.

"அண்ணே, எடுங்கண்ணே! எட்டரைக்குக் கேட்டைப் பூட்டிருவாக. எம்பொழப்பே போயிரும்ணே!"

அவர் திரும்பவில்லை. விஜயராணி முன்னால் ஓடி அவர் தோளைப் பிடித்து உலுக்கப் போனாள்.

படியில் உட்கார்ந்து கை கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்த மெக்கானிக் அவளைத் தடுத்தார்.

"மெதுவாங்க அம்மிணி, கை கழண்டுக்கும். டிரைவர் போஸ்டிங் சென்னைல இருந்து இன்னும் வரலீங்க. நீங்க ஆள் எடுத்த அதே காதர்பேட்டக் கடைலதான் நாங்களும் எடுத்தோமுங்க."